அம்மா கூப்பிடறாங்க

எக்ஸ்ரேக்காரரை 'சார்' என்று அழைக்கிற ஜீவன்கள் இந்த உலகத்தில் இரண்டே இரண்டு. ஒன்று, அவர் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்கிற ஆயாம்மா. இன்னொன்று, அவர் பெற்ற மகள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் அவரை "ஏம்ப்பா எக்ஸ்ரே" என்றார்கள். நோயாளிகள் "தம்பி, சட்டையைக் கழட்டணுமா?" என்றார்கள். மனைவி "இந்தாங்க" என்றாள். ஆகவே வேலை முடிந்து வந்து கதவைத் திறந்ததும் முழங்கால் உயரத்திலிருந்து "சா...ர்!" என்று ஒரு கூவல் கிளம்பும்போது, அதில் என்னவோ கோளாறு இருக்கிறது என்று தெரிந்தும், அவருக்கு உள்ளூரக் குளிர்ந்துதான் போகும்.

கோளாறுக்குக் காரணம் எளிது. பட்டாணி என்று செல்லமாக அழைக்கப்பட்ட அந்தக் குழந்தைக்கு, விழித்திருக்கிற நேரமெல்லாம் பேச்சுத்துணை ஆயாம்மா. ஆயாம்மா வீட்டுக்காரரைச் சார் என்பாள். வீட்டுக்காரியை அக்கா என்பாள். அந்த அக்கா தன்னைவிட வயதில் எவ்வளவோ சின்னவள் என்பதெல்லாம் அவளுக்குக் கணக்கில்லை. சம்பளம் கொடுக்கிற பெண் அக்கா, அவ்வளவுதான். பட்டாணி காதில் விழுந்ததைச் சொன்னாள். அப்பா, சார். அம்மா, அக்கா. புருஷனும் மனைவியும் ஆயாம்மாவை ஆயாம்மா என்று அழைக்க, குழந்தை அதில் முதல் எழுத்தை விழுங்கிவிட்டு "யாம்மா" என்றது. யார் யாருக்கு என்ன உறவு என்பதில் அந்த வீட்டில் ஒருவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை, குழந்தைப் பிணைப்பு ஆணையத்திலிருந்து அழைப்பு வருகிற வரைக்கும்.

ஆணையத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா அம்மா இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடுகளில் குழந்தைகளின் பாசம் தவறான முகவரிக்குப் போய்ச் சேருகிறது என்று பெரியவர்கள் சிலர் கவலைப்பட்டதன் விளைவு அது. பிறர் கையில் வளரும் குழந்தைகளை வரவழைத்து, பாசம் எங்கே போய் விழுகிறது என்று சோதிப்பார்கள். தப்பான இடத்தில் விழுந்தால் குழந்தையைப் பிணைப்பு இல்லத்துக்கு அனுப்புவார்கள். அங்கே பெற்றோரை நேசிப்பதற்குக் குழந்தைக்குப் பயிற்சி. பயிற்சி கெட்டுவிடாமல் இருக்க, அது முடிகிற வரை பெற்றோர் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. அங்கே குழந்தைகளைக் குளிப்பாட்டி, சோறூட்டி, தூங்கவைப்பவர்கள் ஆயாக்கள் அல்ல, பிணைப்பு உதவியாளர்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று யாரோ விவரம் தெரியாதவர் கேட்டதற்கு, உதவியாளர்கள் குழந்தையிடம் பாசம் வைக்க மாட்டார்கள் என்று ஆணையம் விளக்கம் அளித்திருந்தது.

அழைப்பைப் படித்த அன்றே வீட்டில் பயிற்சி ஆரம்பமாயிற்று. எக்ஸ்ரேக்காரரின் மனைவி பல் ஆய்வகத்தில் பொய்ப்பல் செய்கிறவள். ஊர் பேர் தெரியாதவர்களின் தாடைக்கெல்லாம் அளவெடுத்து அச்சு வார்க்கிற தனக்கு, பெற்ற குழந்தையின் வாயை ஒரு வார்த்தைக்குப் பழக்குவதா பெரிய காரியம் என்று நினைத்தாள்.

"முதல்ல நீங்க என்னை அக்கான்னு கூப்பிடறதை நிறுத்துங்க ஆயாம்மா. அம்மான்னு கூப்பிடுங்க. அவ அதைக் கேட்டுச் சொல்லுவா."

"வாயில எப்படிக்கா வரும்?"

"இப்பத்தானே சொன்னேன்!"

"சரிக்கா. அம்மா." ஆயாம்மா கொஞ்சம் யோசித்தாள். "அப்ப சாரை?"

"அப்பான்னு."

ஆயாம்மா எக்ஸ்ரேக்காரரை ஏற இறங்கப் பார்த்தாள். "இவரையா?"

மறுநாள் காலையில் அவள் டம்ளரை நீட்டி, "அப்பா, காபி" என்றபோது, இவளுக்கு நல்ல இடமாகப் பார்த்துக் கட்டிக்கொடுக்க வேண்டுமே என்று ஒரு கவலை அரை நொடி அவரைக் கவ்விவிட்டுப் போயிற்று.

குழந்தைக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டுமென்று புருஷனும் மனைவியும்கூட அப்படியே பேசிக்கொண்டார்கள். "அப்பா, அந்த விளக்கை அணைங்க." "அணைச்சாச்சு அம்மா." கீழ்வீட்டுக்காரர், மாடியில் வயதானவர்கள் யாரோ வந்து தங்கியிருக்கிறார்கள் என்று நினைத்து, மாடிக்குப் போகிற தண்ணீர்க் குழாயைக் கொஞ்ச நேரம் கூடுதலாகத் திறந்துவிட்டார். ஆயாம்மா என்ற பெயரிலேயே ஒரு அம்மா ஒளிந்திருப்பதை மனைவி திடீரென்று கண்டுபிடித்துப் பதறிப்போய், இனிமேல் அவளை அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும் என்று உத்தரவு போட்டாள். நேற்றுவரை அக்காவாக இருந்தவள் இன்றைக்கு இன்னொருத்தியை அக்கா என்று கூப்பிடுவதைப் பார்த்து, பெரியவர்கள் என்னவோ விளையாடுகிறார்கள் என்று பட்டாணி கைகொட்டிச் சிரித்தாள். இரண்டொரு நாளில் தானும் ஆட்டத்தில் சேர்ந்துகொண்டு, கண்ணில் பட்டவர்களை எல்லாம் "அக்கம்மா" என்றாள்.

"இங்க பாரு பட்டாணி. நான் யாரு? சொல்லு."

"நான் யாரு?"

"ஐயோ, நான் உன்னைக் கேக்கறேன்டி."

"ஐயோ" என்றாள் பட்டாணி.

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். எக்ஸ்ரேக்காரர் பின்னாலேயே போனார். அவள் குழாயைத் திறந்துவிட்டு, கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அனுப்பிடுவாங்களா?" என்றாள் திரும்பாமல்.

"சேச்சே" என்றார் அவர். தினமும் எத்தனையோ பேர் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவரிடம் "ஒண்ணுமில்லையே தம்பி?" என்று கேட்பார்கள். அவர்களிடம் சொல்கிற அதே சேச்சே.

ஆணையத்தின் கட்டடத்தில் நீளமான ஒரு நடை. சுவர் முழுக்கத் தாயும் சேயுமாகப் படங்கள். எல்லாப் படத்திலும் ஒரே தாய். சேய்கள்தான் வேறு வேறு. நடையின் ஒரு கோடியில் தலைவியின் அறை. மறுகோடியில் கொல்லைப்பக்கத்துக் கதவு திறந்து கிடந்தது. அதற்கு வெளியே ஒரு வேன் இன்ஜினை அணைக்காமல் நின்றது. எக்ஸ்ரேக்காரர், மனைவி, அவள் மடியில் பட்டாணி, பக்கத்தில் ஆயாம்மா. நால்வரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மனைவியின் விரல்கள் குழந்தையின் கவுனில் ஒரே பொத்தானைப் போட்டுக் கழற்றிப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தன.

"அம்மா வர்றாங்க! எல்லாரும் எந்திரிங்க!" என்று அலறினான் பியூன்.

எல்லாரும் எழுந்தார்கள். ஆணையத்தின் தலைவி காரிலிருந்து இறங்கி, நடையைக் கடந்து, யாரையும் பார்க்காமல் அறைக்குள் போனார். கதவு மூடிக்கொண்டது. அதற்கப்புறம் அந்த நடையில் வேறு பேச்சே இல்லை. "அம்மாவுக்கு டீ போச்சா?" "அம்மா இன்னும் கையெழுத்துப் போடலியே." "மெதுவாப் பேசுங்கய்யா, அம்மாவுக்குத் தலைவலி." பட்டாணி ஒவ்வொரு தடவையும் கழுத்தைத் திருப்பி அந்தக் கதவைப் பார்த்தாள். டீ உள்ளே போவதைப் பார்த்தாள். பிஸ்கட் உள்ளே போவதை இன்னும் கவனமாகப் பார்த்தாள்.

"அம்மா கூப்பிடறாங்க!" என்றான் பியூன். முன்வரிசையில் இருந்த தம்பதி தங்கள் பையனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள்.

திரும்பி வரும்போது அவர்கள் இருவர் மட்டும் வந்தார்கள். அந்தப் பெண்ணின் கையில் ஒரு ஜோடிச் சின்னச் செருப்பு. இல்லத்தில் வேறு செருப்பு கொடுப்பார்களாம். கொல்லைப்பக்கம் ஒரு அழுகைச் சத்தம் வேனுக்குள் ஏறியது; வேன் கதவு சாத்தப்பட்டதும் சத்தம் பாதியாயிற்று. அந்தத் தம்பதி வெளியே போகாமல் சுவரோரமாக நின்றுவிட்டார்கள்.

"அம்மா கூப்பிடறாங்க!"

எக்ஸ்ரேக்காரரின் கால்கள் எழுந்துவிட்டன. மற்றதெல்லாம் பெஞ்சிலேயே இருந்தது.

உள்ளே பெரிய மேஜைக்குப் பின்னால் தலைவி. ஒரு பக்கம் ஆணையத்தின் சொல் நிபுணர், ஒல்லியாக, காதை முன்னால் நீட்டியபடி. இன்னொரு பக்கம் தலைகுனிந்த எழுத்தர்.

"உக்காருங்க" என்றார் தலைவி. நாற்காலி இல்லை. "குழந்தைக்கு என்ன வேணும்? பொம்மையா, துணியா? இல்லே. நேரம் வேணும். பெத்தவங்க பக்கத்துல இருக்கணும். இந்தச் சின்ன விஷயத்தை ஜனங்களுக்குப் புரியவைக்கத்தான் நான் ஊர் ஊராப் போய்க் கூட்டம் போட்டுப் பேசறேன். வீட்டுல தங்கறதே அபூர்வம். போன மாசம் போய்க் கதவைத் தட்டறேன், என் பையன் வந்து திறந்து, 'யாரைப் பாக்கணும்?'னு கேக்கறான். எவ்வளவு மரியாதையாக் கேட்டான் தெரியுமா? 'உள்ள வந்து உக்காருங்க, தண்ணி குடிக்கறீங்களா'ங்கறான். அதுக்குப் பேருதான் வளர்ப்பு. சரி, ஆரம்பிங்க."

சொல் நிபுணர் எக்ஸ்ரேக்காரரைக் காட்டினார். "இவர் யாரு பாப்பா?"

"சார்" என்றாள் பட்டாணி, சந்தோஷமாக.

"வெளியாள்" என்றார் நிபுணர். எழுத்தர் எழுதினார்.

"நான் அப்பாங்க!"

"அது உங்க கருத்து" என்றார் தலைவி. "வெளியாட்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்கணும்."

பியூன் அவர் முழங்கையைப் பிடித்துப் பக்கத்து அடைப்புக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினான். இடையில் கண்ணாடி. அதில் டிக்கெட் கவுண்ட்டர் மாதிரி ஒரு வட்டத் துளை. தொழில் முறையில் அவர் வாழ்க்கை பூராவும் கண்ணாடிக்குப் பின்னால் நின்றவர்தான்; அந்தப் பக்கம் நிற்பவர்களிடம் மூச்சைப் பிடியுங்கள், அசையாதீர்கள் என்று சொல்பவர். இப்போது ஒருவரும் சொல்லாமலே அவருக்கு மூச்சு நின்றிருந்தது.

"இவங்க?"

"அக்கா."

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

"அக்கா. அதாவது தமக்கை" என்றார் நிபுணர். "அப்படின்னா இவங்களுக்கும் குழந்தைக்கும் பொதுவா ஒரு தாயார் இருந்தாகணும்."

"அந்தத் தாயாரை ஏன் கூட்டிட்டு வரலே?" என்று கேட்டார் தலைவி கடுமையாக.

"நான்தாங்க தாயாரு!"

"கேக்கற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க. குழந்தைகிட்டதான் கேக்கறோம்." நிபுணர் ஆயாம்மா பக்கம் திரும்பினார். "இவங்க யாரு கண்ணு?"

"யாம்மா!"

நிபுணர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "ஆயா, அம்மா! நிலைமொழி ஆவுல முடியுது. வருமொழி அவுல ஆரம்பிக்குது. நடுவுல ஒரு உடம்படுமெய் வந்தே ஆகணும். வந்துதா? வரலே! ஒரு மெய்யெழுத்துக்குக்கூட இடம் விடாத நெருக்கம்! என் சர்வீஸ்ல இப்படி ஒரு பிணைப்பை நான் பாத்ததில்லே."

ஆயாம்மாவுக்கு இலக்கணம் புரியவில்லை. காரியம் கெடுகிறது என்று மட்டும் புரிந்தது. பதற்றத்தில், ஒரு வாரமாகப் பழகின வார்த்தை வாயில் வந்துவிட்டது. "அம்மா, நான் ஒண்ணுமே சொல்லிக்குடுக்கலேம்மா!" என்றாள் வீட்டுக்காரியைப் பார்த்து.

"பாத்தீங்களா!" என்றார் நிபுணர். "குழந்தைக்கு இவங்க அம்மா. இவங்களுக்கு அவங்க அம்மா. அப்படின்னா அவங்க குழந்தைக்குப் பாட்டி. ஆனா குழந்தை பாட்டியை அக்காங்குது."

"குழப்பமான குடும்பம்" என்றார் தலைவி. "பாவம் குழந்தை. ஓட்டச் சோதனையை வச்சுட்டு முடிச்சுடலாம். வேன் காத்திருக்கு."

தரையில் மஞ்சள் பெயின்ட்டில் இரண்டு வட்டங்கள். ஒன்றில் மனைவியை நிறுத்தினார்கள், மற்றதில் ஆயாம்மாவை. நடுவில் பட்டாணி. எழுத்தர் விதியை வாசித்தார்: மணி அடித்தபின் குழந்தை யாரிடம் போய் அம்மா என்று அழைக்கிறதோ அவரே தாய், இந்த முடிவை ஆணையமே நினைத்தாலும் மாற்ற முடியாது.

"நானே எழுதின விதி" என்றார் தலைவி. "யார் வந்து அழுதாலும் நான் இளகிடக் கூடாது பாருங்க. அதனால என் கையை நானே கட்டிக்கிட்டேன்."

மணி அடித்தது.

மனைவி இரண்டு கையையும் நீட்டினாள். நகக்கண்ணில் அச்சு மாவின் வெள்ளை. ஆயாம்மா சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தன் முகத்தைக் குழந்தை பார்த்துவிட்டால் ஓடி வந்துவிடுமே என்று இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பட்டாணி அவள் முதுகைப் பார்த்தாள். அக்காவின் கையைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. எக்ஸ்ரேக்காரர் துளையில் வாயை வைத்து, "அக்காகிட்ட போடா செல்லம், அக்காகிட்ட" என்றார். பியூன் துளையை உள்ளங்கையால் அடைத்தான்.

"பயப்படாதே பாப்பா" என்றார் நிபுணர். "அம்மா எங்கே? அம்மாகிட்ட போ."

குழந்தையின் முகம் தெளிந்தது. காலையிலிருந்து என்னென்னவோ கேட்டவர்கள், கடைசியில் தெரிந்த ஒன்றைக் கேட்டுவிட்டார்கள். பட்டாணி குனிந்து மேஜைக்கு அடியில் நுழைந்தாள். மறுபக்கம் எழுந்தாள். தலைவியின் முழங்காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, பிஸ்கட் தட்டைப் பார்த்தபடி சொன்னாள்:

"அம்மா!"

"உச்சரிப்பு சுத்தம்" என்றார் நிபுணர், பழக்கதோஷத்தில்.

எழுத்தர் எழுதினார்.

"ஏய், எழுதாதே!"

"எழுதிட்டேன் அம்மா."

"அம்மான்னு சொல்லாதே!"

"சரிங்க அம்மா."

"நான் இதோட அம்மா இல்லே!" என்று கத்தினார் தலைவி.

எழுத்தர் கையேட்டைப் புரட்டினார். "'முதலில் எல்லாத் தாய்மார்களும் இப்படித்தான் சொல்வார்கள். அது குற்ற உணர்ச்சியால் வருவது. பொருட்படுத்த வேண்டாம்.' முன்னுரையில நீங்கதான் எழுதியிருக்கீங்க அம்மா."

துளையை விட்டு வெளியே போயிருந்த பியூன் கதவு வழியாகத் தலையை நீட்டினான். "அம்மா, வேன்காரன் கேக்கறான். குழந்தையை ஏத்திடலாமா?"

தலைவி குழந்தையைப் பார்த்தார். குழந்தை அவர் முழங்காலில் மூக்கைத் துடைத்துக்கொண்டது.

"ஏத்தினா," என்று எழுத்தர் மெல்ல ஆரம்பித்தார், "கடமை தவறிய தாய்னு உங்க பேரை வாசல் பலகையில எழுதணும் அம்மா."

"விதியே தப்புன்னு எழுதிட்டா?"

நிபுணர் தொண்டையைச் செருமினார். "எழுதலாம். ஆனா அப்புறம் இதுவரைக்கும் அந்த விதிப்படி போன குழந்தைங்க எல்லாத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்."

கதவு பாதி திறந்திருந்தது. சுவரோரமாகச் செருப்போடு நின்ற பெண் ஒரு எட்டு முன்னால் வந்தாள். தலைவி அவளைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைத் தன் கையாலேயே சாத்தினார். பிறகு உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, புருஷனையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வை இப்போது வேறாக இருந்தது. வீட்டு வேலைக்கு வந்தவர்களை எடைபோடுகிற பார்வை.

"நான் வேலைக்குப் போறவ" என்றார். "நாள் பூரா குழந்தை பக்கத்துல இருக்க முடியாது. நம்பிக்கையான ஆள் யாராவது பாத்துக்கணும். உங்களுக்கு முன் அனுபவம் இருக்கா?"

எக்ஸ்ரேக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. துளை வழியாக, "எதுலங்க?" என்றார்.

"குழந்தை பாத்துக்கறதுல."

அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "இருக்குங்க அம்மா. இவ பொறந்ததிலேருந்து பாத்துக்கறோம்."

"அது நீங்க சொல்றது." தலைவி ஆயாம்மா பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. இவங்களை நம்பிக் குழந்தையை விடலாமா?"

ஆயாம்மா முகத்திலிருந்து கையை எடுத்தாள். கன்னம் நனைந்திருந்தது. புருஷனையும் மனைவியையும் நன்றாகப் பார்த்தாள். அந்தச் சில நொடிகளில் எக்ஸ்ரேக்காரருக்கு, அவள் லீவு கேட்டுத் தான் முகம் சுளித்த நாட்களெல்லாம் ஞாபகத்துக்கு வந்தன.

"நல்லவங்கதாங்க" என்றாள் ஆயாம்மா. "அவருக்குத் தலை பின்னத் தெரியாது. சோறு ஊட்டினா பாதி தரையில கெடக்கும். போகப் போகப் பழகிடுவாரு. நான் கூட இருந்து பாத்துக்கறேன்."

"சரி, நியமனம் பண்ணிடலாம்" என்றார் தலைவி. "ஆனா சம்பளம்னு ஒண்ணும் கிடையாது. குழந்தை வளக்கறது தொண்டு. அதுக்குப் போய்க் காசு கேக்கறவங்க மேல எனக்கு மரியாதை வராது." தன் முழங்காலிலிருந்து பட்டாணியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். "கூட்டிட்டுப் போங்க. கை வைக்காதே கண்ணு, அம்மாவுக்கு வேலை இருக்கு."

'பராமரிப்பாளர்' என்ற இடத்துக்கு நேராகப் புருஷனும் மனைவியும் கையெழுத்துப் போட்டார்கள். அவ்வளவு வேகமாக அவர்கள் தங்கள் கல்யாணத்துக்குக்கூடக் கையெழுத்துப் போட்டதில்லை.

நடையில் அடுத்த தம்பதி ஒரு குழந்தையோடு கடைசி பெஞ்சில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். ஆயாம்மா அவர்களைத் தாண்டும்போது குனிந்து, "அங்க ஏன் உக்காந்திருக்கீங்க? பியூனுக்குப் பக்கத்துல போய் உக்காருங்க, குழந்தைக்கு நல்லாக் காதுல விழட்டும்" என்றாள். எக்ஸ்ரேக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே, செருப்பு வைத்திருந்த பெண்ணைக் கடந்து போனார்.

வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினதும் பின்னால் யாரோ ஓடி வருகிற சத்தம். மனைவி குழந்தையை மாரோடு அணைத்துக்கொண்டாள். பியூன்தான். மூச்சு வாங்க வந்து நின்றான்.

"அம்மா சொல்லச் சொன்னாங்க. குளிப்பாட்டினதும் தலையை நல்லாத் துவட்டணுமாம். டிவி காட்டக் கூடாதாம். கண்டதையும் வாங்கிக் குடுக்கக் கூடாதாம்."

"சரி" என்றார் எக்ஸ்ரேக்காரர்.

"அப்புறம், குழந்தை ஏங்கிப் போயிடக் கூடாதாம். அம்மா எங்கேன்னு கேட்டா, ஆபீசுக்குப் போயிருக்காங்க, வந்துடுவாங்கன்னு சொல்லணுமாம்."

"சொல்றோம்."

பியூன் போனான். மூவரும் பஸ் நிறுத்தத்துக்கு வந்தார்கள். மனைவி கடிகாரத்தைப் பார்த்தாள். அரைநாள் லீவுதான் சொல்லியிருந்தாள்; ஆய்வகத்தில் யாருடைய பல்வரிசையோ அச்சில் காத்துக் கிடந்தது. தூரத்தில் அவளுடைய பஸ் வருவது தெரிந்தது. பட்டாணியின் கன்னத்தில் அழுத்தி ஒரு முத்தம் கொடுத்து, அவளை ஆயாம்மாவின் இடுப்புக்கு மாற்றினாள்.

"அம்மா எங்கே?" என்றாள் பட்டாணி, பெரிய கட்டடத்தைத் திரும்பிப் பார்த்து.

மனைவி ஒரு காலைப் பஸ் படியில் வைத்துவிட்டாள். "அம்மா ஆபீசுக்குப் போயிருக்காங்கடா கண்ணு" என்றாள். "சாயங்காலம் வந்துடுவாங்க."

பஸ் நகர்ந்தது.

"டாட்டா அக்கா!" என்று தெருவே கேட்கும்படி கூவினாள் பட்டாணி.

எக்ஸ்ரேக்காரர் திடுக்கிட்டுக் கட்டடத்தின் ஜன்னல்களைப் பார்த்தார். பிறகு குழந்தையின் கால் இரண்டையும் தொட்டுப் பார்த்தார். செருப்பு காலிலேயே இருந்தது.

"வேகமா நடங்க ஆயாம்மா" என்றார்.